அரங்கேற்றம்: ஆரம்பமா, முடிவா? அடிக்கடி கேக்கற கேள்விகளும் பதில்களும்

பரதநாட்டிய கிளாஸ் வாசல்ல பிள்ளைக்காகக் காத்திட்டிருக்கற அம்மா அப்பாமார்லேர்ந்து, தமிழ் படிக்கற காலேஜ் பசங்க வரைக்கும் இந்த ஒரு சொல்லப் பத்தி நிறைய பேரு கேக்கறாங்க. கேள்வியையெல்லாம் ஒரே இடத்துல சேத்து எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதியிருக்கேன், சிலதுக்கு பதில் ரொம்ப நீளமா போயிருக்கும், விஷயம் அப்படி.

அரங்கேற்றம்னா சிம்பிளா என்ன?

ஒரு கலையக் கத்துக்கிட்டவங்க, இல்ல ஒரு நூல எழுதி முடிச்சவங்க, முதல் தடவையா தெரிஞ்சவங்க கூடியிருக்கற சபை முன்னாடி அத வைக்கறது. கத்துக்கிட்டது முடிஞ்சுதுன்னும் அர்த்தம், கலைஞரா வாழ்க்கை தொடங்குதுன்னும் அர்த்தம், ரெண்டும் அந்த ஒரே நாள்ல நடக்குது.

சொல்லப் பிரிச்சா எப்படி வரும்? அரங்குன்னா மேடை மட்டும்தானா?

அரங்கு + ஏற்றம். அரங்குன்னா இன்னிக்கு நமக்கு மேடை, ஹால், ஆனா பழைய தமிழ்ல இதுக்கு இன்னும் ரெண்டு மூணு பொருள் இருக்கு. ஆத்துக்கு நடுவுல இருக்கற திட்டு அரங்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கறதாலதான் திருவரங்கம். விளையாட்டுக்குத் தரையில கட்டம் போடுவோமே, அதுவும் அரங்குதான். திருக்குறள் 401 பாருங்க, 'அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்'. கட்டமே வரையாம வட்டு விளையாடற மாதிரிதான், நல்லா படிச்சு நிரம்பாம ஒரு சபையில போயி பேசறதுன்னு வள்ளுவர் சொல்றாரு. அரங்கேற்றம்ங்கற சொல்லு அதுல இல்லதான், ஆனா முதல்ல படிப்பு நிரம்பணும் அப்புறம்தான் சபைக்குப் போகணும்ங்கற அதே கணக்குதான் அங்கயும், அதனால இந்தக் குறள நான் எப்பவும் இதோட சேத்தே சொல்லுவேன்.

அடுத்தது ஏற்றம். ஏறுறதும் ஏத்துறதும் ரெண்டுமே இதுக்குள்ள இருக்கு. பொண்ணு அரங்கு ஏறுறா, குரு அவள அரங்கு ஏத்துறாரு. சிலப்பதிகாரத்துல அந்தப் பகுதிக்குப் பேரே அரங்கேற்று காதைதான், ஏத்திவிடற கைக்கும் அந்தப் பேருல இடம் இருக்கு. இன்விடேஷன்ல குரு பேரு பொண்ணு பேரோட சேந்தே வர்றது சும்மா மரியாதைக்காக மட்டும் இல்லைங்க.

இந்த வழக்கத்தப் பத்தி பழசா எங்க எழுதியிருக்கு?

மேல சொன்ன அரங்கேற்று காதையிலதான் விரிவா இருக்கு, சிலப்பதிகாரம் புகார்க் காண்டத்துல மூணாவது காதை. மாதவி ஏழு வருஷம் பயிற்சி எடுத்து பன்னெண்டு வயசுல சோழ மன்னன் முன்னாடி ஆடறா. 'ஏழாண்டு இயற்றி ஓர் ஈராறாண்டில்'னு இளங்கோ எழுதியிருக்காரு, அப்போ அஞ்சு வயசுல தொடங்கியிருக்கணும். ஆடல், பாடல், அழகு மூணுலயும் ஒண்ணுகூட குறையாம.

ஆனா என்ன ரொம்ப அசத்தறது மாதவி ஆடற இடத்தவிட அதுக்கு முன்னாடி வர்ற வரிங்கதான். ஆடல் ஆசான் எப்படி இருக்கணும், இசை ஆசான் எப்படி இருக்கணும், பாட்டு எழுதற புலவர், தண்ணுமைங்கற மேளம் வாசிக்கறவரு, குழல் வாசிக்கறவரு, யாழ் வாசிக்கறவருன்னு ஒவ்வொருத்தருக்கும் என்ன தகுதி வேணும்னு வரிசையா சொல்லிட்டே போறாரு. மாதவி மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி அவளுக்குப் பின்னாடி நிக்கப் போற அத்தனை பேரையும் நமக்குக் காட்டிடறாரு, இதவிடப் பெரிய மரியாதைய வாத்தியக்காரங்களுக்கும் வாத்தியாருக்கும் யாரு குடுத்திருக்காங்க?

அப்புறம் மேடை. கணுவுக்குக் கணு ஒரு சாண் இருக்கற மலை மூங்கில வெட்டி, இருபத்து நாலு விரல் அளவுக்கு ஒரு கோல் பண்ணி, அந்தக் கோலால ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேடைப் பலகைக்கும் மேல இருக்கற உத்தரப் பலகைக்கும் நடுவுல நாலு கோல் இடைவெளி. உள்ள வர ஒண்ணு, வெளிய போக ஒண்ணுன்னு ரெண்டு வாசல். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினின்னு மூணு விதமா திரைச்சீலை. தூணோட நிழல் மேடையில விழக்கூடாதுன்னு பாத்துப் பாத்து விளக்கு வச்சிருக்காங்க, 'தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து'ன்னு வரி. இன்னிக்கு லைட்டிங் பண்றவங்க தலைய பிச்சிக்கற அதே பிரச்சனைய அன்னிக்கே யோசிச்சிருக்காங்க!

மாதவி வலது கால முன்னாடி வச்சு ஏறி வலது பக்கத் தூண்கிட்ட போயி நிக்கறா, அதுதான் வழக்கம்னும் சொல்லியிருக்கு. வலது கால வச்சு உள்ள வரச் சொல்ற பழக்கம் நம்ம வீடுகள்ல இன்னும் இருக்கே.

தலைக்கோல்னு ஒண்ணு சொல்றாங்களே, அது பரிசா?

அரங்கேற்றம் முடிஞ்சதும் மாதவிக்குக் கிடைக்கற பட்டம்தான் தலைக்கோல். கோல்ங்கறது நிஜமாவே ஒரு கோல்தான், போர்ல தோத்துப்போன பெரிய அரசரோட வெண்கொற்றக் குடைக் காம்ப எடுத்து, மணி பதிச்சு, பொன் தகடு போத்தி, அரண்மனையில வச்சு பூஜை பண்ணுவாங்க. இந்திரன் மகன் சயந்தன்னு அதப் பாவிக்கறது. அரங்கேற்றம் அன்னிக்கு பொற்குடத்துத் தண்ணியில நீராட்டி, மாலை போட்டு, பட்டத்து யானை துதிக்கையில குடுத்து, தேர வலம் வந்து, தேர் மேல இருக்கற புலவர்கிட்ட குடுத்து, ஊர்வலமா கொண்டுவந்து மேடையில வைப்பாங்க. தலைக்கோல் பட்டத்தோட அரசன்கிட்டேர்ந்து ஆயிரத்தெட்டு கழஞ்சு (கழஞ்சுன்னா அந்தக் காலத்துப் பொன் எடை) பொன்னும் மாதவிக்குக் கிடைச்சுது. சோழர் காலக் கல்வெட்டுங்கள்ல ஆடல் மகளிருக்கு தலைக்கோலின்னு பட்டம் வருது, அதனால இது காவியத்துக்குள்ள மட்டும் இருந்த விஷயம் இல்ல.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். அதே காதை முடியறப்போ, மாதவி மாலைய ஆயிரத்தெட்டு கழஞ்சுக்கு யாரு வாங்கறாங்களோ அவங்களுக்குத்தான் மாதவின்னு கூனி தெருவுல நின்னு விக்கற மாதிரி விக்கறா, கோவலன் வாங்கிட்டு வர்றான். அவ்ளோ பெரிய மரியாத கிடைச்ச அதே பொண்ணுக்கு அன்னிக்கே விலையும் வைக்கறாங்க. அரங்கேற்றத்தோட பெருமைய பேசறவங்க நிறைய பேரு இந்தப் பக்கத்த விட்டுடறாங்க, அது சரியில்லன்னு நினைக்கறேன்.

டான்ஸுக்கு மட்டும்தான் அரங்கேற்றமா?

இல்லவே இல்ல, தமிழ்ல நூலுக்குத்தான் இந்தச் சொல்லு ரொம்பப் பெரிய சொல்லு. அச்சு மிஷின் இல்லாத காலத்துல ஒரு புஸ்தகம் எப்படி வெளிய வரும்? எழுதினவரு ஏட்டுச்சுவடியோட சபைக்குப் போகணும், பாட்டு பாட்டா படிச்சு அர்த்தம் சொல்லணும், கேக்கற புலவருங்க தடுத்துக் கேள்வி கேப்பாங்க, அதுக்கெல்லாம் பதில் சொல்லி அவங்க ஒத்துக்கிட்டாத்தான் அது நூல்.

தொல்காப்பியத்துக்கு பனம்பாரனார் எழுதின பாயிரத்துலயே, அதாவது முன்னுரையிலயே, இது இருக்கு, நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில அதங்கோட்டு ஆசான் முன்னாடி குத்தமில்லாம தெரிவிச்சாருன்னு. பெரியபுராணம் சிதம்பரத்துல ஆயிரங்கால் மண்டபத்துல அரங்கேறுச்சு, ஒரு சித்திரைத் திருவாதிரையில தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரையிலதான் முடிஞ்சுதுன்னு சொல்லுவாங்க, அனபாய சோழன் கூடவே உக்காந்து கேட்டானாம். முடிஞ்சதும் சேக்கிழாரையும் ஏட்டையும் யானை மேல ஏத்தி ஊர்வலம் விட்டானாம். ஒரு வருஷம் முழுக்க ஒரே நூல உக்காந்து கேக்க ஒரு ஊரு தயாரா இருந்திருக்கு பாருங்க, எனக்கு அதுதான் பெருசா தெரியுது.

கம்பராமாயணம் திருவரங்கத்துல. பங்குனி அத்த நாள்ல அரங்கர் முன்னாடி கம்பன் கவியரங்கேத்தினான்னு ஒரு பழைய தனியன் (தனிப்பாட்டு) இருக்கு, அது சொல்ற சக வருஷம் 807, அதாவது கிபி 885, ஆனா ஆராய்ச்சியாளருங்க நிறைய பேரு கம்பர பன்னெண்டாம் நூற்றாண்டுலதான் வைக்கறாங்க. தாயார் சன்னதி பக்கத்துல கம்பர் மண்டபம் இன்னிக்கும் இருக்கு, எதிர்ல மேட்டழகிய சிங்கர்ங்கற நரசிம்மர் சன்னதி. இரணியன் வதைப் படலத்தப் படிக்கறப்போ அந்த நரசிம்மரே தலைய அசைச்சு ஒத்துக்கிட்டாருன்னு கதை. ஸ்ரீரங்கம் போனா அந்த மண்டபத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க, முக்காவாசி பேரு கடந்து போயிடறாங்க.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் இது நடந்துட்டேதான் இருந்துச்சு. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, உ.வே.சாவோட ஆசிரியர், ஊர் ஊரா தலபுராணம் பாடி அந்தந்தக் கோயில்ல அரங்கேத்தியிருக்காரு. இப்போ அந்த இடத்த புத்தக வெளியீட்டு விழா புடிச்சிருச்சு, ஆனா வெளியீட்டு விழாவுல யாரும் தடுத்துக் கேள்வி கேக்கறது இல்ல.

அரங்கேற்றத்துல யாராச்சும் மாட்டிக்கிட்டதா கதை இருக்கா?

இருக்கு, எனக்குப் புடிச்ச கதையே அதான். காஞ்சிபுரம் குமரகோட்டத்துல கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்த அரங்கேத்த உக்காந்து முதல் பாட்டத் தொடங்கறாரு, 'திகட சக்கரச் செம்முகம் ஐந்துளான்'. திகழ் + தச + கரம், விளங்கற பத்துக் கை உடையவன்னு பொருள். சபையில ஒருத்தரு எழுந்து நிறுத்தறாரு, திகழ் + தச சேந்தா திகடசன்னு வர எந்த இலக்கணத்துல விதி இருக்கு, தொல்காப்பியத்துல இல்லையேன்னு. அந்த அடிய முருகனே எடுத்துக் குடுத்தாருன்னு கச்சியப்பர் சொல்லிப் பாக்கறாரு, அப்படின்னா முருகனே வந்து விதிய சொல்லட்டும்னு அவங்க விடல. அன்னிக்கு அரங்கேற்றம் அதோட நின்னுச்சு. மறுநாள் சோழ நாட்டுலேர்ந்து ஒரு புலவர் கையில வீரசோழியம்ங்கற இலக்கண நூலோட வர்றாரு, சந்திப் படலத்துல அந்த விதி இருக்கறதக் காட்டறாரு, அப்புறம்தான் சபை ஒத்துக்கிச்சு. வந்தது முருகனேதான்னு ஐதீகம்.

கதைய நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம், ஆனா கவனிங்க, சாமியே எடுத்துக் குடுத்த அடின்னாலும் இலக்கணத்துல ஆதாரம் காட்டுன்னு சபை கேட்டிருக்கு, சாமியும் புஸ்தகத்தோடதான் வந்திருக்கு. அரங்கேற்றம்னா என்னன்னு இதவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது, அங்க கேள்வி இருக்கணும்.

அப்போ அது ஆரம்பமா, முடிவா?

பயிற்சிக்கு ஒரு முடிவு, கலைக்கு ஆரம்பம். மாதவியையே எடுத்துக்கோங்க, அரங்கேற்றத்துக்கு அப்புறம்தான் கடலாடு காதையில இந்திர விழாவுல பதினோரு வகை ஆடலும் ஆடறா. அரங்கேற்றத்தோட நிறுத்தியிருந்தா அந்தப் பதினொண்ணு நமக்கு எங்க?

ஆனா இன்னிக்கு நிறைய வீட்டுல நடக்கறது என்னன்னா, பத்தாவது இல்ல பன்னெண்டாவது பரீட்சைக்கு முன்னாடி அரங்கேற்றத்த முடிச்சிருவோம்னு தேதி குறிக்கறாங்க, அது முடிஞ்ச மறுவாரம் சலங்கை பெட்டிக்குள்ள போயிடுது, பொண்ணு டியூஷனுக்குப் போயிடுது. முடிச்சிருவோம்ங்கற வார்த்தையே எனக்கு வலிக்குது. ஏழெட்டு வருஷம் ஒரு குழந்தை உடம்ப வருத்திக் கத்துக்கிட்டது, இப்போதான் தானா யோசிச்சு ஆட ஆரம்பிக்கற வயசு, அப்போ போயி நிறுத்தலாமா?

அமெரிக்காவுல பட்டமளிப்பு விழாவ கமென்ஸ்மென்ட்னு சொல்றாங்களே, இதே கதையா?

கிட்டத்தட்ட அதே கதைதான். கமென்ஸ்மென்ட்னா தொடக்கம், படிச்சு முடிக்கற நாளுக்குப் போயி தொடக்கம்னு பேரு வச்சிருக்காங்க. ஐரோப்பாவுல மத்திய காலப் பல்கலைக்கழகங்கள்ல ஒரு மாணவன் படிப்ப முடிச்சு ஆசிரியர் கூட்டத்துல சேர்ற சடங்குக்கு லத்தீன்ல இன்செப்ஷியோன்னு பேரு, அதுக்கும் தொடங்கறதுன்னுதான் அர்த்தம், அன்னிக்கு அவன் முதல் தடவையா ஆசிரியன் இடத்துல நின்னு எல்லார் முன்னாடியும் பாடம் சொல்லணும், வாதம் பண்ணணும். அந்த வழக்கம் கேம்பிரிட்ஜ் வழியா அமெரிக்கா போச்சு, ஹார்வர்டுல 1642ல நடந்த முதல் கமென்ஸ்மென்ட்ல பட்டம் வாங்கினது ஒன்பது பேருதான். நம்ம ஆளுங்களும் அவங்களும் ஒருத்தர ஒருத்தர் பாக்காமலே ஒரே முடிவுக்கு வந்திருக்காங்க.

இப்ப நடக்கற பரதநாட்டிய அரங்கேற்றம் எங்கேர்ந்து வந்துச்சு?

தேவதாசி மரபுலேர்ந்தும், அவங்களுக்குச் சொல்லிக்குடுத்த நட்டுவனார் குடும்பங்கள்லேர்ந்தும் வந்துச்சு, இத மறைச்சுப் பேசறது நன்றி கெட்டத்தனம். அப்போ சதிர்னு பேரு. பத்தொன்பதாம் நூற்றாண்டுல தஞ்சாவூர் அரண்மனையில இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நாலு பேரும் போட்டுக் குடுத்த வரிசையத்தான் இன்னிக்கும் மார்க்கம்னு ஆடறோம். பாலசரஸ்வதி அம்மா 1925ல ஏழு வயசுல காஞ்சிபுரத்துல அம்மன் கோயில்ல அரங்கேறினாங்க, குரு தஞ்சை நால்வர் வழி வந்த கந்தப்ப பிள்ளை. மியூசிக் அகாடமி அவங்களுக்கு சங்கீத கலாநிதி குடுத்தது 1973ல, அரங்கேற்றத்துக்கும் அதுக்கும் நடுவுல எவ்ளோ ஆட்டம் இருந்திருக்கும்னு நீங்களே யோசிங்க.

1935ல, தேவதாசி மரபுல வராத ருக்மிணி தேவி சென்னை அடையாறுல தியசாபிகல் சொசைட்டி வைர விழாவுல மேடையேறினாங்க, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட கத்துக்கிட்டு. அதுக்கப்புறம்தான் மத்த சமூகப் பொண்ணுங்க பெரிய அளவுல இந்த ஆட்டத்துக்குள்ள வந்தாங்க. 1947ல பொண்ணுங்கள கோயிலுக்குன்னு தாலி கட்டி விடற பொட்டுக்கட்டு வழக்கத்த மெட்ராஸ் மாகாணத்துல சட்டம் போட்டுத் தடை பண்ணாங்க, அது தேவைதான், ஆனா அந்தக் குடும்பப் பொண்ணுங்க கையிலேர்ந்து ஆட்டமும் போயிடுச்சு. அதனால உங்க வீட்டு அரங்கேற்றத்துல நன்றியுரை சொல்றப்போ இவங்களுக்கும் ஒரு வரி ஒதுக்குங்களேன்.

எத்தனை வயசுல, எத்தனை வருஷம் கழிச்சுப் பண்ணலாம்?

எழுதின விதின்னு ஒண்ணும் கிடையாது. மாதவிக்குப் பன்னெண்டு, பாலசரஸ்வதிக்கு ஏழு, ருக்மிணி தேவி மேடையேறினப்போ முப்பது தாண்டியாச்சு. பொதுவா ஏழெட்டு வருஷமாவது ஆகும். ரெடியான்னு சொல்ல வேண்டியது குரு, பக்கத்து வீட்டுப் பொண்ணு பண்ணிட்டாளேன்னு அவசரப்படுத்தாதீங்க.

அன்னிக்கு என்னென்ன ஆடணும்?

புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா, கடைசியா மங்களம். குருவுக்குக் குரு கொஞ்சம் மாறும், சில இடத்துல கௌத்துவம் சேப்பாங்க. மொத்தம் ரெண்டு மூணு மணி நேரம், தனியா ஒரே ஆளு. நடுவுல வர்ற வர்ணம்தான் நிஜமான பரீட்சை, அது மட்டுமே அரை மணிக்கு மேல போகும், கால்ல ஜதியும் முகத்துல பாவமும் மாறி மாறி வந்துட்டே இருக்கும். பாக்கப் போறவங்க வர்ணத்துக்கு நடுவுல எழுந்து காப்பி குடிக்கப் போகாதீங்க, தயவுசெஞ்சு. குரு நட்டுவாங்கம் (கைத்தாளம் தட்டி ஜதி சொல்றது) புடிச்சுக்கிட்டு பக்கத்துல உக்காந்திருப்பாரு, பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் இல்ல வீணை இருக்கும்.

சலங்கை பூஜை, ரங்கப்பிரவேசம் இதெல்லாம் வேற வேறயா?

சலங்கை பூஜைங்கறது முதல் முதலா சலங்கைய பூஜை பண்ணிக் கட்டறது, அது அரங்கேற்றத்துக்கு முன்னாடி வர்ற படி, நிறைய கிளாஸ்ல பல பிள்ளைங்களா சேந்து சின்னதா பண்ணுவாங்க. ரங்கப்பிரவேசம்ங்கறது கன்னடத்துலயும் தெலுங்குலயும் அரங்கேற்றத்துக்குச் சொல்ற பேரு, ஒடிசி ஆடறவங்க மஞ்சப்பிரவேஷ்னு சொல்றாங்க. மலையாளத்துல நம்ம சொல்லேதான், செண்டை கத்துக்கிட்டாலும் அரங்கேற்றம், கிரிக்கெட்ல முதல் மேட்ச் ஆடினாலும் பேப்பர்ல அரங்கேற்றம்னுதான் வரும்.

மிருதங்கம், வயலின், வாய்ப்பாட்டுக்கெல்லாம் அரங்கேற்றம் வைக்கலாமா?

தாராளமா. லண்டன், டொரோண்டோ, சிட்னி பக்கம் ஈழத்துக் குடும்பங்க மிருதங்க அரங்கேற்றம், வீணை அரங்கேற்றம்னு ரொம்ப சிரத்தையா நடத்தறாங்க. ஊர விட்டுப் போன இடத்துல பிள்ளைங்க கையில மொழியும் தாளமும் தங்கணும்னு அவங்க படற பாடு சாதாரணமில்ல.

செலவு லட்சக்கணக்குல ஆகுமாமே, எங்களால முடியாதே?

ஹால், ஆர்க்கெஸ்ட்ரா, நாலு செட் டிரெஸ், மேக்கப், போட்டோ வீடியோ, சாப்பாடு, ரிட்டர்ன் கிஃப்ட்னு ஒரு கல்யாணம் மாதிரி ஆகிடுச்சு, உண்மைதான். கடன் வாங்கிப் பண்ணவங்களும் இருக்காங்க, செலவ நினைச்சு பிள்ளையவே கிளாஸ்லேர்ந்து நிறுத்தினவங்களும் இருக்காங்க, அதக் கேக்கறப்போதான் மனசு தாங்கல. இதுல எதுவுமே அரங்கேற்றத்துக்குக் கட்டாயம் இல்லைங்க. கத்துக்கிட்ட பிள்ளை, சொல்லிக்குடுத்த குரு, பாடவும் தாளத்துக்கும் ஆளு, ஆட்டம் தெரிஞ்ச சில பேரு, இவ்ளோ போதும். ஊர்க்கோயில் மண்டபத்துல சாயங்காலம் அனுமதி கேட்டுப் பண்ணுங்க, பல கோயில்ல நவராத்திரி சமயத்துல அவங்களே மேடை தர்றாங்க. வாத்தியக்காரங்க சம்பளத்துல மட்டும் கை வைக்காதீங்க, குறைக்கணும்னா ரிட்டர்ன் கிஃப்ட்டக் குறைங்க. உங்க குரு ஒத்துக்கலன்னா வெக்கப்படாம நேரா உக்காந்து பேசுங்க, புரிஞ்சுக்கற குருமார் நிறைய பேரு இருக்காங்க.

நியூஸ்ல 'கொடூரம் அரங்கேறியது'ன்னு போடறாங்களே, அது சரியா?

எல்லார் கண்ணு முன்னாடியும் நடந்துச்சுங்கற அர்த்தத்துல போடறாங்க, பழகியும் போச்சு. ஆனா ஒரு கொலைக்கும் கொள்ளைக்கும் இந்தச் சொல்லு எதுக்குங்க? நடந்துச்சுன்னு எழுதினா போதும், எழுதறவங்க கொஞ்சம் மனசு வைக்கலாம்.

இன்விடேஷன்ல எப்படி எழுதறது?

'பரதநாட்டிய அரங்கேற்றம்'னு தலைப்பு, கீழ பிள்ளை பேரு, அதே அளவு எழுத்துல 'குரு' போட்டு அவங்க பேரு, அதுக்குக் கீழ நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம்னு வாசிக்கறவங்க எல்லார் பேரும். சிறப்பு விருந்தினரு போட்டோவுக்காக வாத்தியக்காரங்க பேர பின்பக்கம் சின்னதா தள்ளிடாதீங்க. 'அரங்கேற்றம் செய்கிறாள்'னும் எழுதலாம், 'அரங்கேறுகிறாள்'னும் எழுதலாம். ற்-ற விட்டுட்டு 'அரங்கேறம்'னு அடிச்சுடறாங்க, பிரஸ்ஸுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ பாத்துக்கோங்க.